முந்திரித் தோப்பில் ஒரு வாசல்

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்புக்குள் பழைய மாளிகை ஒன்றின் அடித்தளம் கிடக்கிறது. செங்கல் வரிசை கணுக்கால் உயரம்கூட இல்லை. பாழடைந்த இடங்களைத் தேடி அலையும் பைத்தியம் எனக்கு உண்டு. ஒரே எட்டில் அதைத் தாண்டி உள்ளே போய் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வாசல் அந்தப் பக்கம் இருக்குங்க சார். செவுத்துல பூந்து வரீங்களே!"

ஆடு மேய்க்கும் பெண். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தோளில் தழை ஒடிக்கும் நீளமான துரட்டி. என்னைப் போலத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போய், செங்கல் வரிசையில் இடைவெளி இருந்த இடத்தில் துரட்டியைத் தாழ்த்தி, தலையைக் குனிந்து உள்ளே வந்தார். ஆடுகளும் அதே வழியாக ஒவ்வொன்றாக வந்தன. தினமும் இப்படித்தானாம்.

"சுவரே எங்கம்மா இருக்கு?" என்றேன்.

"செங்கல்லத்தான் சார் பேத்து எடுத்துட்டுப் போனாங்க. வூடு இங்கதான இருக்கு?"

நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முந்திரிப் பூ வாசனை வந்துகொண்டிருந்தது. வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர்ச்சியாக இருப்பது போலப் பட்டது. கிளம்பும்போது வாசல் வழியாகவே வெளியேறினேன்.

"தல, தல! பாத்துங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

சட்டென்று குனிந்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்தது போதுமா என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.