உப்புத் தண்ணீரில் நின்ற மல்லிகை

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

பழங்காநத்தத்தில் ஒரே வீடு. கீழே கணவரின் அண்ணன் குடும்பம், மாடியில் நாங்கள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் என்னிடம் ஆசையாக வருகிற ஒரே ஜீவன் ஓரகத்தியின் மகள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். "சித்தி" என்று கத்திக்கொண்டே படியேறி வந்து மடியில் விழுவாள்.

அவள் கீழே இறங்கியதும் சடங்கு தொடங்கிவிடும். கை நிறையக் கல்லுப்பை எடுத்து, மகளின் தலையைச் சுற்றி, சொம்புத் தண்ணீரில் போடுவாள் ஓரகத்தி. உப்பு கரைகிற மாதிரி கண்ணேறும் கரைய வேண்டுமாம். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது" என்று மாடிக்குக் கேட்கும்படி சொல்வாள். யாருடைய கண் என்று சொல்ல வேண்டுமா என்ன?

வீட்டைச் சுற்றி எல்லாம் சிமெண்ட். மதிலோரம் மட்டும் கொஞ்சம் மண் உண்டு. கீழக்குயில்குடியில் அப்பாவின் தோட்டத்திலிருந்து ஒரு மல்லிகைப் பதியன் கொண்டுவந்து அதில் வைத்திருந்தேன். பசுமலையில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் தினமும் அதன் எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். திடீரென்று இலை ஓரங்கள் கருகின. தண்ணீரை இன்னும் ஊற்றினேன். இன்னும் வாடியது.

அந்த வாரம் உயிரியல் வகுப்பில் செல்லின் சவ்வைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே உப்பு அதிகமானால் உள்ளிருக்கும் தண்ணீர் சவ்வைக் கடந்து தானாக வெளியே போய்விடும், யாரும் தள்ள வேண்டாம், செல் தன் சக்தியைச் செலவழிக்கவும் வேண்டாம் என்று சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் செடியடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது.

நேரே கீழ் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, உப்புத் தண்ணிய எதுக்குச் செடியில ஊத்துறீங்க?"

"கால் படாத எடத்துலதானம்மா ஊத்தணும். இந்த வீட்டுல வேற மண்ணு எங்க இருக்கு?"

வேரில் மெல்லிய தோல் இருக்கிறது, உப்பு வெளியே இருந்து தண்ணீரை இழுத்துவிடும் என்று வகுப்பில் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அம்புட்டுப் படிச்சும் என்ன? ரெண்டு கை உப்புலயா செடி சாகும்? நீதான் தெனமும் வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டே நின்ன. ஒன் கண்ணுக்குக் கருகாம என்ன செய்யும்?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் நாக்கு அழுகட்டும் என்று மனதுக்குள் சபித்தேன். இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை. செடியைப் பிடுங்கிச் சரியாக அவள் வாசற்படியில் போட்டுவிட்டு மாடி ஏறினேன்.

மறுநாள் குழந்தை வந்தாள். மடியில் விழவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"சித்தி, நீங்க பாத்தா நானும் கருகிருவேனா?"

உப்பைப் பற்றி எவ்வளவோ தெரியும் எனக்கு. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாட்டடா கண்ணு" என்றேன்.