நான்கு சோடி வைப்பர்

அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் நான் காருக்கு நான்கு சோடி வைப்பர் வாங்கினேன். மொன்றியலில் எவ்வளவு மோசமாகப் பனி கொட்டினாலும் ஒரு சோடி ஒரு குளிர்காலத்தைத் தாங்கிவிடும். நான்கு வாங்கிய வேறொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

நவம்பர் கடைசியில் தொடங்கியது. எங்கள் வீடு லாசாலில். வேலை டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு பெரிய சமையல்கூடத்தில். நகர்ந்து வரும் தட்டுகளில் உணவுப் பெட்டியையும் பாண் துண்டையும் வெண்ணெயையும் அடுக்கிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. பின்னேர முறை என்பதால் இரண்டரை மணிக்குப் புறப்படுவேன். அந்த நேரத்தில் குளிர்காலச் சூரியன் உயர ஏறாமல் நேரே முகத்துக்கு எதிரே நிற்கும். வீதியில் கொட்டிய உப்பும் உருகிய பனியும் கலந்த சேறு, முன்னால் போகிற லொறியிலிருந்து கண்ணாடியில் வந்து அடிக்கும். கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரைப் பீச்சி வைப்பரைப் போட்டால் சேறு போய்விடும். ஆனால் பால் சிந்தித் துடைத்ததுபோல ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். சூரியன் பட்டதும் முன்னால் இருப்பதெல்லாம் வெளுத்துப்போகும்.

பழைய வைப்பரின் றப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு வருடம் உழைத்த றப்பர். ஓரத்தில் சிறு வெடிப்புகள் இருந்தன. இதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டேன்.

நாலு தெரு தள்ளி ஒரு உதிரிப்பாகக் கடை இருக்கிறது. அறுபதை நெருங்கும் ஒரு கியூபெக் மனிதர், கறுப்புக் கம்பளித் தொப்பியைக் கடைக்குள்ளும் கழற்றாமல், மேசைக்குப் பின்னால் நிற்பார். நான் சைகையில் விளக்கத் தொடங்கியதும் அவர், “பலே?” என்று கேட்டார்.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. இந்த ஊருக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தேன். மேற்பார்வையாளர் என்னைக் காணும்போதெல்லாம் “பலே, பலே” என்பார். என்னை மெச்சுகிறார் என்று நினைத்து ஒரு கிழமை முழுவதும் சிரித்துக்கொண்டு நின்றேன். தும்புத்தடியை எடுத்துக் கூட்டு என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே கடைக்காரரிடம், தும்புத்தடி வேண்டாம், வைப்பர்தான் வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துக் காட்டினார். அவர்கள் மொழியில் இரண்டும் ஒரே சொல்தான். பிறகு தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து என் காரைத் தேடி, ஓட்டுநர் பக்கத்துக்கு நீளமானதும் மற்றப் பக்கத்துக்குக் கட்டையானதும் எடுத்து வைத்தார். ஏன் இரண்டும் ஒரே அளவில் இல்லை என்று கேட்டேன். இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி ஆட்டி, நடுவில் ஒன்றோடு ஒன்று முட்ட வைத்தார். எவ்வளவு எளிதான காரணம்! பதினைந்து வருடம் கார் ஓட்டியிருக்கிறேன், ஒருநாள்கூட எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

வீட்டுக்குப் பின்னால் உள்ள கார் தரிப்பிடத்தில் பழையதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு துவாயுடன் இறங்கி வந்தாள்.

“இஞ்சருங்கோ, முதல் இதைக் கண்ணாடியிலை விரியுங்கோ. றப்பர் இல்லாமல் அந்தக் கம்பி திருப்பி அடிச்சுதெண்டால் கண்ணாடி வெடிச்சுப் போம். என்ரை அண்ணைக்கு அப்பிடித்தான் நடந்தது.”

“எனக்குத் தெரியும்,” என்றேன். தெரியாது. துவாயை வாங்கி விரித்தேன்.

புதிய றப்பர் சத்தமே இல்லாமல் ஓடியது. இரண்டு நாள் பெருமைப்பட்டேன். மூன்றாம் நாள் வெயில் எறித்தது. அதே பால் படலம்.

அப்போதுதான் எனக்கு இந்தச் சாமானில் உண்மையாகவே ஆர்வம் பிடித்தது. ஓய்வு நேரத்தில் கைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். நான் வாங்கியது, றப்பரைப் பல மூட்டுகள் கொண்ட ஒரு இரும்புச் சட்டம் பிடித்திருக்கும் பழைய வகை. அந்த மூட்டுகளுக்குள் பனி புகுந்து உறைந்தால் சட்டம் வளையாது. வளையாவிட்டால் றப்பர் கண்ணாடியில் முழுதாகப் படியாது. குளிர்காலத்துக்கென்று செய்ததில் அந்தச் சட்டம் முழுவதையும் ஒரு றப்பர் உறை மூடியிருக்கும். இவை தவிர மூட்டே இல்லாத தட்டை வகை ஒன்றும் உண்டு. எந்த வகையானாலும், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் றப்பரின் விளிம்பு மறுபக்கம் சரிய வேண்டும், சரிந்து இழுபட வேண்டும். குளிரில் இறுகிய றப்பர் சரியாது, நிமிர்ந்து நின்று கண்ணாடியைச் சுரண்டும். இதை வாசித்த பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பக்கத்துக் கார்களின் வைப்பர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் நடுவில் றப்பர் உறை போட்ட குளிர்கால வகையை வாங்கினேன். புதுவருடத்துக்குப் பிறகு தட்டை வகை.

என்னோடு காரில் வருகிறவர் ஒரு மட்டக்களப்புப் பெண். அடுத்த தெருவில் குடியிருப்பவர். வேலையில் எனக்கு எதிரே நின்று தட்டு அடுக்குவார். என் ஆராய்ச்சி முழுவதையும் கேட்க வேண்டிய தலைவிதி அவருக்கு.

“அண்ணன், போன மாசம்தானே புதுசு போட்டீங்க. மறுகா என்னத்துக்கு இது?”

“அது உறை போட்டது தங்கச்சி. காத்திலை பாரம் கூட. இது தட்டை, ஒரே மாதிரி அமத்தும்.”

“அமத்தினா?”

“துடைக்கும்.”

“அதுவும் துடைச்சதுதானே?” என்றார். நான் நீலத் தண்ணீரைப் பீச்சினேன்.

தட்டை வகையும் சரிவரவில்லை. கண்ணாடியில்தான் ஏதோ எண்ணெய் ஒட்டியிருக்கிறது என்று எண்ணி, வினாகிரி விட்டு, பழைய பத்திரிகைத் தாளால் உள்ளும் புறமும் தேய்த்தேன். மூன்று நாள் கார் முழுக்க ஊறுகாய் மணம். இரவில் திரும்பும்போது எதிரே வரும் விளக்குகள் பஞ்சுபோல ஊதித் தெரிந்தன. அதற்கும் வைப்பரைத்தான் திட்டினேன்.

நான்காவது முறை கடைக்குப் போனபோது கறுப்புத் தொப்பிக்காரர் புத்தகத்தைத் திறக்கவில்லை. தன் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, “காட்டும்,” என்று என்னோடு வெளியே வந்தார். மெல்லப் பனி தூறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வைப்பரைப் போட்டார். குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இல்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய், இருந்ததிலேயே நல்லது என்று சொல்லி ஒன்றை எடுத்துத் தந்தார். தருவதற்கு அவருக்கு மனம் இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்த ஆளுக்குத் தொழில் தெரியாது என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த கிழமை, வேலைத்தலத்துத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தியதும், இறங்காமல் புலம்பத் தொடங்கினேன். வெயில் நேரே அடித்தது. கண்ணாடியில் வழக்கமான படலம்.

மட்டக்களப்புப் பெண் முன்னால் உற்றுப் பார்த்தார். “எனக்கு நல்லாத் தெரியுதே அண்ணன்.”

“உம்மடை பக்கம் தெரியும். என்ரை பக்கம்தான் பிரச்சினை.”

“அப்ப இறங்குங்க. நான் அதுக்குள்ள இருந்து பாக்கன்.”

இடம் மாறினோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தார். “இங்கயும் நல்லாத்தான் தெரியுது. அந்தா, வேலியில தொங்குற பலகையக்கூட வாசிக்க ஏலும்.”

நான் அவருடைய இருக்கையில் இருந்தபடி முன்னால் பார்த்தேன். பலகை தெரியவில்லை. வேலியே மங்கலாகத் தெரிந்தது. பால் படலம் என்னோடு இருக்கை மாறி வந்திருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, வலது கண்ணைக் கையால் பொத்தினேன். உலகம் முழுவதும் நனைந்த வெள்ளைத் துணிக்குப் பின்னால் போயிற்று. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினேன். வேலி வந்தது. பலகை வந்தது. சிவப்பெழுத்தில் இரண்டு வரி. திரும்பவும் மாற்றினேன். போயிற்று. திரும்பவும். வந்தது.

“என்ன அண்ணன் செய்றீங்க?”

“கண்டுபிடிச்சிட்டன்,” என்றேன்.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பிறகுதான். அந்த நிமிடத்தில் இரண்டு மாதமாக அவிழாத முடிச்சு அவிழ்ந்த சந்தோஷம்தான் இருந்தது. அன்று முழுவதும் தட்டு அடுக்கிக்கொண்டே ஒற்றைக் கண்ணால் கூரை விளக்கையும், உருக்குக் கதவையும், எதிரே நிற்பவர்களின் வெள்ளைத் தொப்பிகளையும் பார்த்துப் பார்த்து ஒப்பிட்டேன். இடது கண்ணுக்குத் தொப்பிகள் வெண்ணெய் நிறத்தில் இருந்தன. வேலை முடிந்ததும் காரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பேருந்தில் வந்தோம்.

மனைவிக்குச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை.

“அப்ப இவ்வளவு நாளும் கண் தெரியாமலே எங்களை ஏத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

“வலது கண் தெரியும்தானே.”

“கதையாதேங்கோ. அந்த மட்டக்களப்புப் பிள்ளையையும் ஒவ்வொரு நாளும் ஏத்திக்கொண்டு போயிருக்கிறீங்கள். அவளுக்கு ஏதும் நடந்திருந்தால் என்ன சொல்லுவம்?” என்றவள், கைநீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

கண்ணில் புரை. கோட்-டெ-நெய்ஜில் நான் ஒருகாலத்தில் கூட்டிய அதே மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் அதை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அதற்குப் பிரெஞ்சில் சொல்லும் பெயர்தான் பெரிய நீர்வீழ்ச்சிக்கும் பெயர் என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இதுவரை எந்த நோயாளியும் கேட்டதில்லை என்றார். சத்திரசிகிச்சைக்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார். அதுவரை கார் ஓட்டக்கூடாது.

மனைவியிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது, ஆனால் பிள்ளைகள் பிறந்த பிறகு அவள் ஓட்டவில்லை. அவள் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகம் பேருந்துப் பாதையிலேயே இருந்ததால் தேவைப்படவுமில்லை. அவளுடைய அண்ணன் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் மீண்டும் தொடங்கினாள். முதல் நாள் தரிப்பிடத்துக்குள்ளேயே ஏழெட்டுச் சுற்று. அடுத்த கிழமை கடைக்கு. மார்ச்சில் உறைமழை பெய்த ஒருநாள் உள்ளே வந்து, தலையில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

“உங்கடை நாலாவது வைப்பர் சரியில்லை. ரக ரக எண்டு துள்ளுது.”

“இருக்கிறதிலேயே நல்லதெண்டு தந்தவர்.”

“ஆருக்கு நல்லது? மற்றதுகள் எங்கை?”

மூன்று சோடியும் பல்கனியில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை, ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான் துவாயை விரித்து ஒவ்வொரு சோடியாக மாற்றிப் பூட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், அதே வேகம். அவள் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து விரலால் காட்டுவாள்: இந்த இடம், அந்த மூலை. மூட்டு வைத்த முதல் சோடி ஐந்தாம் நிமிடமே விறைத்துப்போய் நடுவில் ஒரு பட்டையைத் துடைக்காமல் விட்டது. தட்டை வகை நன்றாகத்தான் துடைத்தது, ஆனால் முனையில் பனி கட்டியது. றப்பர் உறை போட்ட இரண்டாவது சோடியைப் பூட்டியதும் அவள் ஒன்றும் காட்டவில்லை. பத்து நிமிடமும் காட்டவில்லை. யன்னலை இறக்கி, “இது இருக்கட்டும்,” என்றாள்.

டிசம்பரில் நான் வாங்கி, புதுவருடத்துக்குப் பிறகு கழற்றிப் போட்டது அது.

மறுநாள் இருவருமாக அந்தக் கடைக்குப் போனோம். கறுப்புத் தொப்பிக்காரர் என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒன்றும் வாங்க வரவில்லை என்று சொல்லி, என் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் விளங்காமல் நின்றார். விளங்கியதும் தொப்பியைக் கழற்றினார். தன் தாய்க்கும் அப்படித்தான், அழுக்கு அழுக்கு என்று அவர் சொன்னதால் வீட்டுச் சுவர் முழுவதையும் திரும்பத் திரும்பக் கழுவினோம் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை, இருந்தாலும் கையைக் குலுக்கினார்.

ஏப்ரல் கடைசியில் சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த நாள் காலை மருத்துவமனையில் கண்மூடியை அகற்றினார்கள். சுவர் வெள்ளை. மருத்துவரின் மேலங்கி அதைவிட வெள்ளை. வெள்ளைக்குள் இத்தனை படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மனைவியின் பின்னால் நடந்து காரில் ஏறினேன். அவள் ஓட்டினாள். கடைசிப் பனியோ முதல் மழையோ என்று சொல்ல முடியாத ஒன்று பெய்தது. வைப்பர் போய் வந்தது. திரும்பும் ஒவ்வொரு முறையும் றப்பர் விளிம்பு மறுபக்கம் சரிவதை நான் கண்ணால் கண்டேன். வாசித்தது உண்மைதான்.

அதோடு இன்னொன்றும் கண்டேன். கண்ணாடி நிறைய ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். சரளைக்கல் தெறித்த தழும்புகள்.

“இது எப்ப வந்தது?” என்று பதறிக் கேட்டேன்.

“எது?”

“கண்ணாடியிலை, இந்தப் புள்ளியள்.”

அவள் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கார் வாங்கேக்கையே இருந்தது,” என்றாள்.

ஓரமாக நிறுத்தினால் இறங்கிக் கிட்டப் பார்க்கலாம் என்றேன். காப்பகத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி, அவள் வேகத்தைக் கூட்டினாள்.