ஆறு குளிர்ந்த வைகாசி

அந்த வைகாசியில் ஆற்றைக் குளிர வைத்தது கண்ணகி அம்மன்தான் என்று எங்கள் அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வார். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். காலை விட்டுப் பார்த்தவள் நான் அல்லவா!

அப்போது நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதுசு. அக்காவுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம். காய்ச்சல் இறங்கவே இல்லை. வேப்பிலையில் கிடந்தவள் என்னோடு சண்டைகூடப் பிடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். அம்மா குளிர்த்திக்கு நேர்ந்திருந்தார். கோபத்தோடு வந்த கண்ணகியைக் குளிர்விக்கும் சடங்கு அது. அவள் குளிர்ந்தால் நோயும் வெயிலும் தணியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

குளிர்த்தி முடிந்த மறுநாள் காலை, அக்காவின் தலைக்கு வார்க்கத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போனோம். வைகாசியில் எங்கள் ஆறு வெதுவெதுவென்று இருக்கும். அன்று கால் வைத்ததும் சில்லிட்டுப் பின்னுக்குத் துள்ளினேன். தானும் இறங்கிப் பார்த்த அம்மா, குடத்தைப் போட்டுவிட்டு அங்கேயே அழத் தொடங்கினார்.

அந்த நேரம் மாமா தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் ஒரே தம்பி, எங்களோடுதான் இருந்தார். வைகாசிச் சூட்டில் கடலோர வாவியின் மீன்கள் ஆற்றுக்குள் ஏறும். அந்த மீனை நம்பித்தான் மாமாவின் பிழைப்பு. அன்று வலையில் சருகுதான் கிடந்தது.

“பாத்தியாடா, அம்மன் குளிர்ந்திட்டா” என்றார் அம்மா.

மாமா வலையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“ஓம் அக்கா. குளிர்ந்திட்டா.”

அக்கா தேறினாள். எழும்பிய கையோடு என் சீப்பைப் பறித்தாள். எனக்கு உயிர் வந்தது. மாமாவின் வலைக்கு மட்டும் அந்த வருசமும் மீன் வரவில்லை, அடுத்த வருசமும் வரவில்லை. தோணியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனார். அம்மன் இவ்வளவு செய்திருக்க, இந்த மனுசன் ஏன் ஊரை விட்டுப் போகிறார் என்று எனக்குக் கோபம்.

ஒவ்வொரு வைகாசிக்கும் போன் எடுப்பார். முதல் கேள்வியே, “ஆறு குளிர்ந்து கிடக்கா, மருமகள்?” என்பதுதான். அந்தப் பாலைவனத்திலும் அம்மனை மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். ஆற்றங்கரைக்கு ஓடிப்போய்க் காலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, “ஓம் மாமா, நல்லாக் குளிர்ந்து கிடக்கு” என்று கத்துவேன். “நல்லது புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார்.

அக்கா நோயில் கிடந்த அந்த வருசந்தான் ஆற்றுக்கு மேலே புது அணை கட்டி முடித்திருந்தார்கள். கோடையில் விதைக்கும் சிறுபோக வயலுக்கு அதன் அடிக்கதவைத் திறந்தால், வெயில் படாத ஆழத்துத் தண்ணீர் ஆற்றில் இறங்கும். அந்தக் குளிருக்கு மீன் ஏறாது. மேலாற்றுக்குப் போய்வரும் மாமாவுக்கு இதெல்லாம் அன்றைக்கே தெரியும். எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி வரலாமா என்றுதான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வரவேண்டாம் என்று வருசா வருசம் சந்தோசமாகச் சொன்னவள் நான்.