வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹால் ஏசி ஒழுக ஆரம்பித்தது. அமீரகத்தின் இந்த அல் ஐன் வெயிலில் ஏசி மக்கர் செய்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். மெயின்டனன்ஸுக்குப் போன் போட்டேன். செல்லதுரை வந்தார்.

அரியலூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பில்டிங்குக்கு வழக்கமாக வருபவர். சினிமா, அரசியல், அவர் தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்ப்பின் சாப்பாடு என்று ஏதாவது பேசிக்கொண்டேதான் வேலை பார்ப்பார். அன்றைக்குப் பேச்சே இல்லை. ஏணியில் ஏறினார், ஃபில்டரைக் கழற்றினார், இறங்கினார். சோபாவில் கிடந்த என் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு நம்பர்லேர்ந்து யார் யாருக்குப் பேசுறாங்கன்னு இங்கேர்ந்தே கண்டுபிடிக்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி... மாலுக்குப் போனால் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுத்தான் காரை விட்டு இறங்குவேன். 'ஃப்ரீ வைஃபை' என்று போர்டு வைத்த கடையில் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் வந்து இப்படி ஒரு கேள்வியா?

"யார் நம்பர்?"

"வீட்டுலதான் சார்."

நம் ஊரில் 'வீட்டுல' என்றால் மனைவி. கலைச்செல்வி என்று பெயர் சொன்னார். மெதுவாக விஷயமும் வந்தது. தினமும் டியூட்டி முடிந்து, பஸ்ஸை விட்டுக் கேம்ப் வாசலில் இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை ஊருக்குப் போன் அடிப்பதுதான். மெசேஜ் ஆப்பில் பேசலாமே என்று கேட்காதீர்கள். இங்கே அவற்றில் மெசேஜ் போகும், கால் போகாது. போதாக்குறைக்கு அவர் வீட்டுப் பக்கம் நெட் வருவதே அபூர்வம். அதனால் சாதாரண கால்தான்.

வேலை பார்க்கிற சைட் மாறியதிலிருந்து பஸ் லேட். அன்றிலிருந்து அவர் போன் அடித்தால் ஒரு அம்மணி தமிழில் சொல்கிறார் — நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.

"தினமுமா?"

"தினமும் சார். காலையில அடிச்சா உடனே எடுக்குறா. மத்தியானம் அடிச்சா எடுக்குறா. சாயங்காலம் நான் அடிக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் பிஸி." கொஞ்சம் நிறுத்தினார். "ஒருவர்னா ஆம்பளைதானே சார்?"

தமிழைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஒருவர்ங்கறது பொது. ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம்."

"பொம்பளைன்னா ஒருத்தின்னு சொல்லியிருக்கலாமுல்ல?"

"அது மெஷின் செல்லதுரை. அதுக்கு எதிர்ல யாருன்னே தெரியாது."

அவர் நம்பவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் பெரிசு. "எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன் சார். நாளைக்குப் போயி அவகிட்டேர்ந்து போனை வாங்கிட்டு வந்துடும். அவங்க அப்பா அம்மாவையும் வரச்சொல்லி நாலு பேரு முன்னாடி கேட்டுடறதுன்னு இருக்கோம்."

நாலு பேர் முன்னாடி! ஒரு ரெக்கார்டிங்கை நம்பி! அந்தப் பெண் மறுநாள் காலையில் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள்... புருஷனின் அண்ணன் பைக்கில் வந்து இறங்குவார்... என்ன கேட்கப்போகிறார்கள் என்று கூட அவளுக்குத் தெரியாது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே — அந்தக் கோபத்துக்கு அடியிலேயே, 'அதென்ன தினமும் அதே நேரத்துக்கு மட்டும் பிஸி?' என்று எனக்கும் ஒரு மூலையில் உறுத்தத்தான் செய்தது. சந்தேகம் ஜலதோஷம் மாதிரி. பக்கத்தில் நின்றாலே ஒட்டிக்கொள்கிறது.

சரி, முதலில் போன் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுவோம் என்று உட்கார வைத்தேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் மூன்று பாரா தாண்டிக் குதித்துவிடலாம்.

செல்போன் என்பது ஒரு ரேடியோ. கேட்கவும் தெரிந்த, பேசவும் தெரிந்த ரேடியோ. எவ்வளவு தூரம் குரல் கொடுக்கிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும். ப்ளூடூத் குசுகுசு பேச்சு — ஒரே அறைக்குள் போனும் ஹெட்செட்டும் பேசிக்கொள்ளும். வைஃபை என்பது வீட்டுக்குள் கூப்பிடுகிற குரல். நடுவில் ரெண்டு சுவர் வந்தால் தேய்ந்துவிடும்.

வைஃபை என்றால் இன்டர்நெட் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இல்லை. உங்கள் போனுக்கும் மூலையில் கண் சிமிட்டுகிற ரூட்டர் பெட்டிக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் வைஃபை. இன்டர்நெட் அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து வரவேண்டும். அதனால்தான் சில நாள் வைஃபை ஃபுல்லாகக் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டவர் கதை வேறு. ஊரைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு டவர். அந்தப் பகுதிக்குப் பெயர் 'செல்'. செல்போனின் செல் அதுதான். உங்கள் போன் அவ்வப்போது பக்கத்து டவரிடம் 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று ஆஜர் சொல்லிக்கொண்டே இருக்கும். யாராவது உங்களைக் கூப்பிட்டால் நெட்வொர்க் அந்தப் பகுதியில் தேடும். ஒன்று கவனித்தீர்களா... போனுக்கும் டவருக்கும் நடுவில்தான் காற்று. அதற்கப்புறம் பெரும்பாலும் கேபிள்தான். செல்லதுரை இங்கே 'சாப்பிட்டியா' என்று கேட்டால் அது கடலுக்கு அடியில் போய்க் கரையேறி அரியலூருக்குப் போகிறது.

"யாருகிட்ட பேசுறான்னு டவருக்குத் தெரியுமா சார்?"

"கம்பெனிக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்ல மாட்டான், எனக்கும் சொல்ல மாட்டான்."

"ரூம்ல ஒருத்தன் ஒரு ஆப் காட்டுனான்..."

"அழிங்க அதை முதல்ல! அடுத்தவங்க போனைக் காட்டறேன்னு சொல்றவன் உங்க போனுக்குள்ள பூந்துடுவான்."

அழித்தார். ஆனால் முகம் தெளியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "வழக்கமா நான் அடிக்கிற நேரம் சார் இது. இப்ப அவ பிஸியா இருப்பா, பாருங்க. உங்க போன்லேர்ந்து ஒரு தடவை அடிக்கலாமா? என் நம்பரைப் பாத்துட்டு ஏதாவது பண்றாளோ என்னமோ."

என் போனை அடுத்தவர் கையில் கொடுப்பதா? எனக்கு அது கிட்னியைக் கொடுப்பதற்குச் சமம். நானே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவருடைய போன் டைனிங் டேபிளில், ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் கிடந்தது.

உடனே அந்த அம்மணி. நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன்...

"பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?" அவர் குரல் உடைந்தது.

அப்போது டேபிளில் அவர் போன் அதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் உருண்டு கீழே விழுந்தது. திரையில் 'கலை' என்று இருந்தது.

ஒரே ஒரு ரிங். கட்.

மிஸ்டு கால்!

செல்லதுரை என் போனைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். என் ஸ்பீக்கரில் அம்மணி இரண்டாம் தடவையாக 'வேறொருவருடன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட் செய்தேன்.

அவர் திருப்பி அடித்தார். அவசரத்தில் ஸ்பீக்கரும் ஆன் ஆகிவிட்டது.

"வந்துட்டீங்களா?" என்றது ஒரு குரல். "இன்னிக்குத்தாங்க ரிங்கே போச்சு. பஸ்ஸு லேட்டாகுதுன்னு சொன்னீங்கல்ல, அதுலேர்ந்து தினமும் இந்நேரத்துக்கு ஒரு ரிங்கு விட்டுப் பாக்கறேன். வந்து சேந்துட்டீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான். போகவே மாட்டேங்குது."

"ஏன் சொல்லல நீ?"

"என்னத்தைச் சொல்றது? ஒரு பொம்பளை அரபியில ஏதோ சொல்லுது, அப்புறம் இங்கிலீசுல சொல்லுது. பஸ்ஸுல இருக்கீங்க, டவர் இல்லன்னு சொல்லுதாக்கும்னு வச்சுடுவேன். அப்புறம் நீங்களே அடிச்சுடுவீங்க."

புரிந்துவிட்டதா? இவர் பஸ்ஸை விட்டு இறங்கி நம்பரைப் போடுகிற அதே நேரம் அவளும் அங்கே இவர் நம்பரைப் போடுகிறாள். நம்பர் போட்ட நொடியிலேயே அந்த லைன் பிஸி — எதிரில் யாரும் எடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இவர் அவளைக் கூப்பிட, அவள் இவரைக் கூப்பிட, ரெண்டு பேருக்கும் ரெண்டு பக்கமும் பிஸி. அவள் அலுத்துப்போய் வைத்த பிறகுதான் இவருக்கு லைன் கிடைக்கும். அன்றைக்கு அவர் என் போனில் அடிக்கச் சொன்னதால்தான் அவர் லைன் சும்மா இருந்தது. அவள் விட்ட ரிங் முதல் தடவையாக வந்து சேர்ந்தது.

'கால் வெயிட்டிங்' இருந்தால் கொஞ்சமாவது தெரிந்திருக்குமே என்று பிறகு கேட்டேன். அதை அவரே எப்போதோ அணைத்து வைத்திருக்கிறார். ஏன்? கலையோடு பேசும்போது சூப்பர்வைசர் குறுக்கே வந்து 'பாய், ஜல்தி' என்று தொல்லை கொடுக்கக் கூடாதாம்.

"கேம்ப்புலேர்ந்துதானே பேசுறீங்க?" என்று போனில் கலை கேட்டாள்.

"இல்ல... ஏசி வேலைக்கு வந்த சாரு வீட்டுலேர்ந்து. நீ இனிமே அடிக்காத. நானே அடிக்கிறேன்."

"சரிங்க. சாப்பிட்டுப் படுங்க."

வைத்துவிட்டார். அடுத்த நொடியே அண்ணனுக்கு அடித்தார். "அண்ணே, நாளைக்குப் போவாத. யாரையும் கூப்பிடாத. கலாஸ், முடிஞ்சுது." அண்ணன் ஏதோ கேட்டார். "ஒண்ணும் இல்லண்ணே. தப்பு என் பேர்ல" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டார். முகத்தை ஏசிக்குள் விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் துடைத்தார். அங்கே அவ்வளவு அழுக்கு இல்லை.

எனக்கு அன்றைக்கெல்லாம் மனசு ஆறவில்லை. இவருக்குக் கேட்டது 'ஒருவர்' என்ற ஒரு பொதுச் சொல். அதற்கு மீசை வரைந்து, அண்ணனை அனுப்பி, நாலு பேரைக் கூட்டத் தயாராகிவிட்டார். அவளுக்குத் தினமும் புருஷன் போனில் கேட்டது நிஜமாகவே ஒரு பெண் குரல்! அவள் பஸ் வந்துவிட்டதா என்று மட்டும்தான் கவலைப்பட்டாள். தன் பேரில் ஒரு கேஸ் நடந்து தள்ளுபடி ஆனது அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

என் சந்தேக புத்தி என்னை விட்டுப் போய்விடாது. ப்ளூடூத் இப்போதும் ஆஃப்தான். ஆனால் யாருக்காவது போன் போட்டுப் பிஸி என்று வந்தால், இப்போதெல்லாம் மறுபடி அடிக்காமல் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கிறேன். பாதி நேரம் அதுவே அடிக்கிறது.

அந்த அறிவிப்பைப் பதிவு செய்கிற அம்மணிக்கு ஒரு சின்ன வேண்டுகோள். 'வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்பதோடு இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள், தாயே — 'அது நீங்களாகவும் இருக்கலாம்!'