ஊரே காலனிதானுங்க

பள்ளிபாளையத்துப் பெண் ரஞ்சிதாவுக்கு அவள் அம்மா ஆத்தாயி கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஒரே ஒரு சொல். ஆத்தோரம்.

"எந்தப் பக்கம்னு யாராச்சும் கேட்டா, காலனின்னு சொல்லிப்போடாத. ஆத்தோரமுங்கன்னு சொல்லு. பொய்யில்ல சாமி, காவேரி நம்மூட்டுப் பின்னாடிதான ஓடுது."

ஆத்தாயி தறிப்பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். பள்ளிக்கூடம் போகாதவளுக்கும் தெரிந்திருந்தது, நம் சீமையில் முகவரி என்பது தபால்காரருக்காக மட்டும் இல்லை என்று. ஊர் என்றால் அவர்கள். காலனி என்றால் இவர்கள். இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எடுக்கட்டும், நல்லதுதான். நாக்கிலிருந்து எடுக்க எந்த அரசாணை வரும்?

சேலத்தில் நர்சிங் படிக்கும்போது சூரமங்கலத்தில் ரஞ்சிதாவுக்கு ஒரு மாடி அறை கிடைத்தது. "ஆத்தோரமுங்க" என்ற பதில் அங்கே சில மாதம் தாங்கியது. பிறகு வீட்டுக்காரரின் பள்ளிபாளையத்து உறவினர் ஒருவர் வந்தார். மகளைப் பார்க்க வந்திருந்த ஆத்தாயியை அடையாளம் கண்டுகொண்டார். அந்த வாரமே வீட்டுக்காரரின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அறை தேவைப்பட்டுவிட்டது. அந்தக் கல்யாணம் இன்றுவரை நடந்ததாகத் தகவல் இல்லை.

ரஞ்சிதா படித்து முடித்தாள். மேல்தேர்வுகள் எழுதினாள். அயர்லாந்தின் தென்கோடியில் கார்க் என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவள் கையால் ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகளில் ஒருவர்கூட ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை.

ஆனால் அந்த நகரத்தில் வேலை கிடைத்துவிடும், தங்க இடம் கிடைக்காது. அவள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். போக இடமில்லாமல் அலைந்தவளுக்குத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஷாலினி கிடைத்தாள். திருச்செங்கோட்டுக்காரி, மென்பொருள் வேலை, கணவனோடு தனி வீடு. மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது.

"நம்மூரு புள்ளைக்குக் குடுக்காம வேற யாருக்குங்க குடுக்கறது?" என்றாள் போனில். "எங்க அத்தை ஊர்ல இருந்து வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஊர் சுத்திக்காட்டற நடை ஒண்ணு இருக்கு, நீங்களும் வாங்கக்கா. ஒரு பெட்டி சாமானம் கொண்டாந்துருங்க, கார்ல போட்டுக்கலாம்."

ரஞ்சிதா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துப் போய் ஷாலினியின் காரில் வைத்தாள்.

பச்சைக்குடை பிடித்த ஒரு உள்ளூர்க்காரர் முன்னால் நடந்து கதை சொன்னார். செருப்புக்கடைகள் இருக்கும் இந்தத் தெருவில் ஒருகாலத்தில் தண்ணீர் ஓடியது, கப்பல்களை வாசலிலேயே கட்டிப்போட்டார்கள் என்றார். ஷாலினி தன் மாமியார் சாரதாமணிக்கு அதைத் தமிழில் சொன்னாள்.

"ஆத்த மூடி ரோடு போட்டானா? இதப் பாக்கவா இத்தன தூரம் பிளேன்ல வந்தேன்? நம்மூர்லயே தெனம் பண்றாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். சாரதாமணிக்கு முழங்கால் வலி. ரஞ்சிதாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேட்டில் ஏறினார். ஏறிக்கொண்டே விசாரணையும் நடந்தது.

"பள்ளிபாளையத்துல எங்க அம்மிணி?"

"ஆத்தோரமுங்க."

"ஆத்தோரம்னா, கோயலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"கல்லு வழுக்குதுங்கம்மா, பாத்து நடங்க."

பழைய வெண்ணெய்ச் சந்தையைக் காட்டினார் வழிகாட்டி. உருளைக்கிழங்கு அழுகி, சனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த வருடங்களிலும் இந்த ஊரிலிருந்து வெண்ணெய் கப்பலேறியது என்றார். துறைமுகக் கரைக்கு இறங்கியதும், பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் கதையைச் சொன்னார். போன தேசங்களில் சில வீடுகளின் ஜன்னல்களில் பலகை தொங்கியது: அயர்லாந்துக்காரருக்கு இங்கே இடமில்லை.

ஷாலினிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்க்கா, மனுசங்கள மனுசங்களே இப்படி நடத்தியிருக்காங்க பாருங்க."

இங்கிலாந்தின் ஆட்சியைப் பற்றி வழிகாட்டி பேசத் தொடங்கினார். அவர் பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஆங்கிலம் அறியாத சாரதாமணிக்கு அந்த ஒரு சொல் மட்டும் துல்லியமாகப் புரிந்தது. ரஞ்சிதாவின் தோளைத் தட்டினார்.

"ஏம்மிணி, காலனி காலனிங்கறானே? இந்தச் செவத்த ஆளுங்க காலனிக்காரங்களாமா?"

அந்நியன் பிடித்து ஆண்ட நாட்டுக்கு அப்படிப் பெயர் என்று ரஞ்சிதா விளக்கியிருக்கலாம். அவளுக்குச் சிரிப்புத்தான் பீறிட்டது.

"ஆமாங்கம்மா. ஊரே காலனிதானுங்க."

"அடக் கருமமே! காலைல இவங்கூட்டு டீயக் குடிச்சுப்போட்டனே!" சாரதாமணி முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தார்.

ரஞ்சிதாவின் சிரிப்பு நின்றது. சிறுவயதிலிருந்து காத்துவந்த அந்த ஆத்தோரம் அவளுக்கே கசந்தது. சொன்னால் அறை போகும் என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"நானும் காலனிதானுங்கம்மா. பள்ளிபாளையம் காலனி. இத்தன நேரம் என் கையத்தான் புடிச்சுட்டு வாரீங்க."

சாரதாமணி கையை உதறினார். அடுத்த எட்டிலேயே படிக்கட்டு வந்தது. மறுபடி அதே கையைப் பற்றிக்கொண்டார். தீட்டு முழங்காலுக்கு மட்டும் விதிவிலக்குத் தரும் போலிருக்கிறது.

ஷாலினி பதறி ஓடிவந்தாள். "அத்தை தெரியாம பேசிட்டாங்கக்கா. நாங்கெல்லாம் அதெல்லாம் பாக்கறதே இல்லைங்க."

பார்க்காதவளிடமிருந்து அன்று மாலையே செய்தி வந்தது. அந்த அறையைப் பூஜை அறையாக்கப் போகிறார்களாம். அத்தையின் ஆசையாம்.

சுவரில் ஓர் ஆணியில் தொங்க முடிகிற கடவுளுக்கு முழு அறை! நின்று நின்று கால் வீங்கித் திரும்பும் மனுஷிக்குப் படுக்க இடமில்லை! சாதிக்குச் சங்கடம் வரும்போதெல்லாம் சாமிதான் சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. இந்த வேலைக்குத்தான் அதைப் படைத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

பெட்டியை வாங்க ரஞ்சிதா அவர்கள் வீட்டுக்குப் போனாள். பெட்டி வாசலுக்கு வெளியே மழையில் ஊறிக் கிடந்தது. ஷாலினி கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அத்தைக்காகத்தான்..."

உள்ளேயிருந்து சாரதாமணியின் குரல் வந்தது. "என்னைய எதுக்கு இழுக்கற? வர்ற மாசம் ஊருக்குப் போறவ நானு. நாஞ் சொன்னது டீயத்தான். ரூமு வேண்டாம்னது நீயி!"

பழைய மூளை வாய்விட்டுக் கேட்டது. படித்த மூளை 'பாவம்' என்று கண்கலங்கி, மாமியார் முதுகுக்குப் பின்னால் நின்று கதவைச் சாத்தியது. இரண்டில் எதை ஆபத்தானது என்பது?

"அவங்க கேக்கறாங்க, நீங்க தீர்ப்புச் சொல்றீங்க. நல்லாத்தான் பங்கு போட்டிருக்கீங்க," என்றாள் ரஞ்சிதா. அடி நைந்துபோன பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

உடன் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி தன் வீட்டு சோபாவைக் கொடுத்தாள். அதில் கால் நீட்ட முடியாது.

ஆத்தாயி போனில் அழுதாள். "ஆத்தோரம்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாமே சாமி."

"அங்க நிறுத்தினா மட்டும் எத்தன நாளைக்கும்மா?"

அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஷாலினியின் அறிவிப்பு வந்தது: 'மாடியில் ஓர் அறை காலி. பெண்களுக்கு மட்டும்.' பூஜை அறைக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. ரஞ்சிதா அதற்குக் கீழே எழுதினாள்:

'அறைக்காக இவர்களை நான் பார்த்தேன். காலனிக்காரர்களுக்குத் தரமாட்டார்கள். இப்படிக்கு, ரஞ்சிதா, பள்ளிபாளையம் காலனி.'

குழுவை நடத்துகிறவர் உடனே அதை அழித்தார். 'அரசியல் வேண்டாமே' என்று கைகூப்பும் பொம்மையோடு ஒரு வேண்டுகோளும் போட்டார். ரஞ்சிதா சீருடை மாற்றிக்கொண்டே அதே வரிகளை மறுபடியும் போட்டாள். மறுபடியும் அழித்தார். பணி முடிந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடியும் போட்டாள்.