முன் பெஞ்சு

அப்பாவின் அடக்கப் பூசையில், "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றார் ஃபாதர். கைகொடுக்க எல்லோரும் திரும்ப, பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அந்தச் சத்தம் என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது.

அப்பா பினாங்கு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒருநாள் கம்பிவடம் அறுந்து, கூட வேலை செய்த முனியாண்டி மாமா செத்துப்போனார். மாமா குடித்திருந்ததாக விசாரணையில் சொல்லும்படி அப்பாவிடம் சொன்னார் சூப்பர்வைசர் சவரி அங்கிள். அவரும் எங்கள் கோயில்காரர்தான்.

"வடம் பழசு. அவன் குடிக்கலை" என்று அப்பா விசாரணையில் சொல்லிவிட்டார். வேலை போனது. ஜுருவில் ஒரு ஃபேக்டரி வாசலைக் காக்கும் ஜாகா ஆனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சவரி அங்கிளுக்குப் பின் பெஞ்சில்தான் எப்போதும்போல் உட்கார்ந்தார். சமாதானம் சொல்லும் நேரத்தில் கையை நீட்டுவார். முன் பெஞ்சு திரும்பாது.

"வேற பெஞ்சுல உட்காரலாம்லா, ஏன் இந்த மானக்கேடு?" என்று அம்மா அழுவார்.

"கொடுக்கிறது என் வேலை. வாங்கிக்கிறது அவர் பாடு."

சாகும்வரை நீட்டினார்.

இன்று சவரி அங்கிள் முன் பெஞ்சிலிருந்து எழுந்தார். தடியை ஊன்றி, பெட்டியருகே வந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

பெட்டி மூடியிருந்தது. உள்ளே அப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்து ஜெபமாலையால் கட்டியிருந்தோம்.