கம்ப்யூட்டருக்கும் கொழுந்தனாருக்கும் சேர்த்து வேண்டினேன்

போன வருஷம் ஆயுத பூஜை அன்று நான் அழுத அழுகை எங்கள் காளியம்மனுக்குத்தான் தெரியும். அவளை நம்பும் சகோதரிகளுக்கு இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே கொடுத்த மரியாதை போதும் என்று வேலையை விட்டேன். வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு நடத்தலாம் என்று முடிவு செய்தேன். பெற்றோர்களும் நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். பூஜைக்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை முதல் வகுப்பு. அன்று தொடங்காவிட்டால் அதே பள்ளி வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அதற்காகத் தஞ்சாவூரில் பாகங்களை வாங்கிவந்து, வீடியோ பார்த்துப் பார்த்து நானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினேன். பட்டுக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனாரிடம் வாங்கவில்லை. முன்பு அவரிடம் வாங்கிய பிரிண்டர் படுத்திய பாடு போதும். அந்தக் கோபம் அவருக்கு.

பூஜைக்கு வந்தவர் சந்தனம் குழைத்துக் கேபினெட்டுக்குப் பொட்டு வைத்தார். நினைவகப் பட்டையான ரேம் ஒன்றுதான் மாட்டாமல் பாக்கி. நான் எடுத்ததை வாங்கி, "இதெல்லாம் பழகின கை செய்யணும் அண்ணி" என்று அவரே செருகி அமுக்கினார். கற்பூரம் காட்டிவிட்டுப் பட்டனைத் தட்டினேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பீப், பீப் என்று கத்திவிட்டு, மதர்போர்டில் ரேமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்து நின்றது.

"போர்டு போச்சு" என்றார். "நீங்க ஸ்க்ரூவ முடுக்கின முடுக்குல போயிருக்கும். இது குழம்பு வைக்கிற வேலை இல்லீங்க அண்ணி."

சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடமே சிரித்தது. அதோடு விட்டாரா? அந்த வாரம் திருக்கடையூரில் பெரிய மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்துகொண்டு என் கம்ப்யூட்டர் கதையைத்தான் எல்லோருக்கும் பரிமாறினார். இலையில் கை வைக்க முடியாமல் எழுந்து வந்தேன்.

பவர் வயர்களைக் கழற்றி மாட்டினேன். வேறு மானிட்டர் வைத்துப் பார்த்தேன். ரேமை எடுத்து எடுத்துச் செருகினேன். அதே பீப், அதே விளக்கு. விற்ற கடைக்குப் போன் செய்தால், "பூட்டினது நீங்க. நாங்க எப்படிங்க பொறுப்பு?" என்றார்கள். பழைய பள்ளிக்குப் பேசலாமா என்றுகூடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காளியம்மன் முன்னால் போய் நின்றேன். "தாயே, கம்ப்யூட்டர் ஓடுவது இரண்டாவது. அந்த மனிதர் நாலு பேர் முன்னால் தலை குனியணும். அது முதலாவது. செய்து கொடு, மாவிளக்குப் போடுகிறேன்." இப்படித்தான் வேண்டினேன். மறைக்க என்ன இருக்கிறது?

பூசாரி கொடுத்த சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவப் போனபோது அது காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொட்டு வைத்த கையை அவர் அன்று துடைக்கவே இல்லை. அதே கையால்தான் ரேமைப் பிடித்தார்.

ஓடிப்போய் ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். தங்க நிறப் பற்களில் சந்தன நிறம். அதனால்தான் அத்தனை தடவை எடுத்தும் கண்ணில் படவில்லை. அழிரப்பரால் தேய்த்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அவர் அமுக்கிய பள்ளத்திலும் சந்தனம் இருக்கும் என்று அதை விட்டுவிட்டு அடுத்ததில் செருகினேன். திரை பளிச்சென்று வந்தது. தரையில் விழுந்து கும்பிட்டேன்.

ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மன் பாதி வேலைதான் முடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கொழுந்தனார் புது போர்டுக்கு விலை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு தடவை நீங்களே பட்டனைத் தட்டுங்க தம்பி" என்றேன். தட்டினார். திரை வந்தது. சந்தனக் கறை படிந்த பஞ்சை எடுத்துக் காட்டி, நடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"கடையிலயும் இப்படித்தான் கை கழுவாம வேல பாக்குறீங்களா?"

மோர்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். அன்றைக்கு இனித்த மாதிரி எனக்கு எந்தச் சாப்பாடும் இனித்ததில்லை.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. அம்மன் புண்ணியத்தில் இன்றுவரை நிற்கவில்லை. சித்திரையில் கொழுந்தனார் தனியாக வந்தார். "பாப்பாவுக்குக் கணக்கு வரமாட்டேங்குது அண்ணி. நீங்கதான் சேத்துக்கணும்." இதையே சொந்தக்காரர்கள் இருக்கும்போது கேளுங்கள் என்றேன். அடுத்த விசேஷத்தில் கேட்டார். சேர்த்துக்கொண்டேன். பிள்ளை என்ன பாவம் செய்தாள்?

மன்னித்துவிடக் கூடாதா என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. மன்னிப்பதற்கு அம்மன் கையில் சூலம் எதற்கு? உங்களை யாராவது அழவைத்திருந்தால், சகோதரிகளே, பொதுவாக வேண்டாதீர்கள். பெயரைச் சொல்லி வேண்டுங்கள். அவள் கேட்கிறாள்.

ஆயுத பூஜை அன்று கூடத்தில் சிரித்தவர்களில் என் கணவரும் ஒருவர். அவர் பெயரை நான் இன்னும் அம்மனிடம் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பினால், செருப்பை எடுத்து வைத்துவிட்டு, "எனக்காகவும் நல்லா வேண்டிக்கம்மா" என்கிறார்.